சட்ட எழுத்து வேலைக்கு டெல்லிதான் போக வேண்டுமா? கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு கேள்வி

சாரல்_சேரங்கோடு | அக்டோபர் 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கோவை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு, நாலாம் வருடம். வீடு சேரங்கோடு ஊராட்சியில். அப்பா டேன்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம்.

எனக்கு வாதாடுவதைவிட எழுதுவது பிடிக்கும். மூட் கோர்ட்டில் (மாணவர்களின் மாதிரி நீதிமன்றம்) எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதே வழக்குக்கு மெமோரியல், அதாவது எழுத்து வாதம், எழுதச் சொன்னால் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன். சட்ட ஆய்வு, மசோதாக்களைப் படித்துக் குறிப்பு எழுதுவது, கொள்கைப் பரிந்துரை, இந்த மாதிரி வேலைக்குப் போக ஆசை.

டெல்லியில் ஓர் ஆய்வு அமைப்பு டிசம்பரில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் தருகிறேன் என்றிருக்கிறது. உதவித்தொகை கிடையாது. ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கூட்டினால் 30,000 ரூபாய் வருகிறது. அப்பாவிடம் சொன்னேன். "கோட்டுப் போட்டுக் கோர்ட்டுக்குப் போவாய் என்று பார்த்தால், சம்பளமில்லாமல் எழுதிக் கொடுக்க டெல்லிக்கா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சும்மா கேட்டார்.

போகலாமா? இங்கேயே ஏதாவது இருக்கிறதா? இந்தத் துறையில் இருக்கும் அண்ணன் அக்காமார் சொல்லுங்கள்.

முப்பத்தாறாவது_வளைவு | அக்டோபர் 12, இரவு 10.05

30,000 ரூபாய்க்கு ஒரு கறவை மாடு வாங்கலாம் தங்கச்சி. இந்தக் கொள்கை, ஆய்வு எல்லாம் அப்பா காசில் டெல்லியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு. இங்கே எழுத என்ன இருக்கிறது? யானை வாழையைச் சாய்த்ததற்கு நஷ்டஈட்டு மனு. அதற்கும் ஆள் இருக்கிறது, தாலுகா ஆபீஸ் வாசலில், ஒரு பக்கத்துக்கு 50 ரூபாய்.

பழைய_கருப்புகோட்டு | அக்டோபர் 13, காலை 6.20

வளைவு தம்பி, காலையிலேயே சண்டைக்கு இழுக்கிறீர்கள். ஊட்டி கோர்ட்டில் 27 வருடமாக நிற்கிறவன் சொல்கிறேன்.

இந்தியாவில் எந்த மூலையில் சட்டம் படித்தாலும் இரண்டு வழக்குகளைப் படிக்காமல் வெளியே வர முடியாது. ஒன்று கோதவர்மன் வழக்கு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாட், ஒரு காலத்தில் தன் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய மனு. 1996 டிசம்பர் 12 உத்தரவில் 'காடு' என்றால் அகராதியில் உள்ள பொருளே பொருந்தும், நிலம் யார் பேரில் இருந்தாலும் சரி என்றார்கள். நாடு முழுக்கக் காடுகளில் அனுமதியின்றி ஓடிய மர அறுவை மில்கள் நின்றன. கோதவர்மன் 2016-ல் காலமாகிவிட்டார். அவர் பேரில் வழக்கு இன்னும் ஓடுகிறது.

இன்னொன்று ஐ.ஆர்.கொயிலோ. கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், 1969. ஜன்மம் என்றால் பரம்பரை நில உரிமை. அதில் காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே 1974-ல் 34-ஆவது திருத்தம் மூலம் அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள், கோர்ட் கை படாமலிருக்க. அதை எதிர்த்த வழக்குதான் ஒன்பது நீதிபதிகள் முன் போய், 2007 ஜனவரி 11-ல் தீர்ப்பானது. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் வைத்த எந்தச் சட்டத்தையும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்றார்கள்.

இரண்டும் நம்ம தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் நடுவே முளைத்தவை. ஆனால் அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் (குத்தகைத் தோட்ட நிலம் பற்றியது) மாட்டிய நிலத்தில் இருக்கிறவன் இன்றைக்கும் மண்ணெண்ணெய் விளக்கோடு இருக்கிறான். 'செக்ஷன் 17' என்று சொல்லத் தெரியாத பாட்டி கூடலூரில் கிடையாது. இங்கே எழுத ஒன்றுமில்லை என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

ஒரசோலைக்காரன் | அக்டோபர் 13, காலை 11.15

கோத்தகிரிப் பையன், இப்போது டெல்லியில். ஆறு வருடமாக இதே வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாடாளுமன்ற மசோதாக்களை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பு நடத்தும் லேம்ப் ஃபெல்லோஷிப் வழியாக வந்தேன். ஒரு எம்.பி.யோடு மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை வேலை. 25 வயதுக்குள் இருக்க வேண்டும், எந்தப் பட்டப்படிப்பாக இருந்தாலும் சரி, மாத உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் இருக்கிறது. இரண்டு வருடம், தமிழ் தெரிந்திருப்பது கட்டாயம். உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல வாசல்.

வேலை எப்படி இருக்கும் என்றால், 80 பக்க மசோதா காலையில் வரும். மாலைக்குள் இரண்டு பக்கமாக வேண்டும். எம்.பி. காரில் போகும்போது படிப்பார், குழியில் கார் ஏறி இறங்கும்போதும் புரிய வேண்டும். என் முதல் குறிப்பு ஏழு பக்கம். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் நான் எழுந்து நின்று கேட்க வேண்டிய கேள்வி எது?" என்றார். தேடிப் பார்த்தேன், ஆறாம் பக்கத்தில் இருந்தது.

இப்போது இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களை நான்தான் பிரிக்கிறேன். எல்லாரும் எழுத்து மாதிரி என்று ஒரு கட்டுரை அனுப்புவார்கள். பாதிப் பேர் அடிப்படைக் கட்டமைப்பு, மீதிப் பேர் செயற்கை நுண்ணறிவு. அழகான இங்கிலீஷ், அடிக்குறிப்பெல்லாம் சுத்தம். இந்த ஆறு வருடத்தில் ஒரு சர்வே எண் உள்ள எழுத்தை நான் பார்த்ததில்லை. ஓர் ஊரில், ஒரு பிரச்சினையில், எந்த ஆபீஸ் எந்தப் பிரிவின்படி என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்யவில்லை என்று நான்கு பக்கம் எழுதி அனுப்புகிறவரை நான் முதலில் கூப்பிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. பார் கவுன்சில் விதி 49-ன்படி முழுநேரச் சம்பள வேலையில் இருக்கும்போது வக்கீல் தொழில் செய்ய முடியாது. பதிவு செய்துவிட்டு இந்த வேலைக்கு வந்தால் பார் கவுன்சிலில் சொல்லி நிறுத்திவைக்க வேண்டும். நான் தாமதமாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

சாரல்_சேரங்கோடு | அக்டோபர் 13, மதியம் 1.30

அண்ணா, சார், நன்றி. கோதவர்மன் எங்கள் பக்கம் என்று பாடத்தில் யாரும் சொல்லவில்லை! தீர்ப்பின் சுருக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தோம்.

இங்கிலீஷ்தான் பயம். பத்தாவது வரை தமிழ் வழி. எழுத முடியும், ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம்.

மொழிபெயர்ப்பு_மேசை | அக்டோபர் 13, மாலை 4.50

குன்னூரிலிருந்து. நீதிமன்ற ஆவணங்களும் அரசு அறிவிக்கைகளும் மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன்.

தங்கச்சி, தமிழைக் குறையாக நினைக்காதே. 1976 திருத்தத்துக்குப் பிறகு கீழ் நீதிமன்றங்களில் தமிழ் ஆட்சிமொழி. சாட்சியம் தமிழில், மனு தமிழில், ஹைகோர்ட்டுக்குப் போகும்போது எல்லாம் இங்கிலீஷ். நடுவில் உட்கார்ந்து மாற்றித் தரும் ஆள் எப்போதும் பற்றாக்குறை.

2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தது ஞாபகம் இருக்கிறதா? கருத்துச் சொல்லச் சொன்னார்கள், ஆனால் வரைவு இந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டும். எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் வெளியிடு என்று அந்த ஜூன் 30-ல் டெல்லி ஹைகோர்ட் சொன்னது. அரசு செய்யும் வரை காத்திருக்காமல் இங்கே நாலைந்து பேர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தமிழில் எழுதினோம். கொள்கைப் பணி என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

எங்கே தப்பு நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சட்டத்தில் 'ஷல்' என்றால் 'செய்ய வேண்டும்'. 'மே' என்றால் 'செய்யலாம்'. ஒரு கையேட்டில் அதிகாரி பதிவுச் சீட்டு 'கொடுக்க வேண்டும்' என்பதைக் 'கொடுக்கலாம்' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஓர் அலுவலர் "கொடுக்கலாம் என்றுதானே இருக்கிறது, கொடுக்க வேண்டுமென்று இல்லையே" என்று என்னிடமே வாதாடினார். இலக்கணமாக அவர் சொன்னது சரி!

மெஷினை நம்பாதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ஜன்மம் எஸ்டேட்' என்று கொடுத்தேன், 'பிறவித் தோட்டம்' என்று வந்தது.

முப்பத்தாறாவது_வளைவு | அக்டோபர் 13, மாலை 6.00

பிறவித் தோட்டம். 😂 பொய்யும் இல்லை.

சரி, சம்பளம் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே. ஜூனியர் வக்கீலுக்கு மாதம் 15,000 கொடுக்க வேண்டும் என்று ஹைகோர்ட் சொன்னதே, ஊட்டியில் யார் கொடுக்கிறார்கள்?

பழைய_கருப்புகோட்டு | அக்டோபர் 13, இரவு 8.10

2024 ஜூன் உத்தரவு. சென்னை, மதுரை, கோவையில் 20,000. மற்ற ஊர்களில் 15,000. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்: நான் 9,000 கொடுக்கிறேன். போன வருடம் 6,000. பெருமையாகச் சொல்லவில்லை.

சாரலுக்கு ஒன்று. பார் கவுன்சிலின் 2008 விதிகளைப் பிரித்துப் பாரும்மா. ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற, மேல்முறையீட்டு வக்கீல்களிடம் இருந்திருக்க வேண்டும். எங்கெங்கே செய்யலாம் என்ற பட்டியலில் தொண்டு நிறுவனம், நீதித்துறை, சட்டமன்றம் எல்லாம் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பும் இருக்கிறது. யாரும் கவனிப்பதில்லை. உன் ஊராட்சி ஆபீஸிலேயே நான்கு வாரம் உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தைப் படிக்கலாம், கல்லூரி ஒத்துக்கொண்டால்.

நடுகாணி_நடை | அக்டோபர் 14, காலை 7.30

நான் சட்டம் படிக்கவில்லை. வன உரிமைச் சட்டத்துக்காகப் பாடி பாடியாக நடக்கிறவன். பணியர், காட்டுநாயக்கர் பாடிகள், அதாவது பழங்குடிக் குடியிருப்புகள். தமிழ்நாட்டில் அழிவின் விளிம்பில் உள்ள பழங்குடிகள் என்று அரசு வைத்திருக்கும் ஆறு பேரும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் இன்டர்ன்களுக்குக் குறைவே இல்லை.

வருவார்கள். கேள்வித்தாள் எடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அட்டைக் கடியைப் பற்றி ஸ்டேட்டஸ் போடுவார்கள். அறிக்கை இங்கிலீஷில் எங்கேயோ வரும். எழுதியதைத் திரும்பக் கொண்டுவந்து பாடியில் படித்துக்காட்டியவர் இத்தனை வருடத்தில் ஒரே ஒருத்தர்.

அவர் படிக்கும்போது என்ன ஆனது தெரியுமா? ஒரு பெரியவரின் தனிநபர் உரிமைக் கோரிக்கை, படிவம் ஏ. எழுதியதில் பெயர் 'மாறன்'. ரேஷன் கார்டில் 'மாரன்'. கையெழுத்தாகிக் கிராம சபைக்குப் போக இருந்தது. படித்துக்காட்டும்போது கார்டைக் கையில் வைத்திருந்த பேத்திதான், "இது வேற ரா" என்றாள். போயிருந்தால் பொருந்தவில்லை என்று திருப்பியிருப்பார்கள், மறுபடி ஒரு வருடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பார்த்தது.

கோத்தகிரியில் கீஸ்டோன், கூடலூரில் அக்கார்ட் மாதிரி ரொம்ப நாளாக இங்கேயே இருக்கும் அமைப்புகளைக் கேட்டுப் பாருங்கள். போனால் அறிக்கை எழுதித் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

கொடை_மூடுபனி | அக்டோபர் 14, காலை 10.00

பழனி மலைக்காரன் ஒரு வார்த்தை. எங்கள் கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை 2001-ல் மூடியது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு வந்தது 2016-ல். நடுவில் 15 வருடம். வெளியே எல்லாருக்கும் தெரிந்தது பாட்டும் போராட்டமும். ஆனால் யார் எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை செய்தார்கள், யாருக்கு என்ன நோய், யார் இறந்தார்கள் என்று பட்டியல் போட்டு வைத்தவர்களை யாருக்கும் தெரியாது. பேர், வருடம், பிரிவு. அந்த நோட்டு இல்லாமல் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார முடியாது.

(இ-பாஸ் பற்றி இங்கே கேட்கலாமா? என் தம்பி ஊட்டிக்கு வரணும், இரண்டு மலைக்கும் தனித்தனியாக எடுக்கணுமா?)

முப்பத்தாறாவது_வளைவு | அக்டோபர் 14, காலை 10.12

தனித்தனிதான். தனி இழை போடுங்கள் சாமி.

சாரல்_சேரங்கோடு | அக்டோபர் 16, இரவு 11.20

இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. செக்ஷன் 17. அதையே எழுதிப் பார்த்தேன். கரண்ட் ஆபீஸுக்கு மனு. தொடக்கம் இப்படி:

"எங்கள் பகுதி மக்கள் பல ஆண்டுகளாக மின்சார வசதி இன்றிச் சொல்லொணாத் துயரத்தில் வாடி வருகின்றனர். மாணவர்கள் படிக்க இயலாமலும் வனவிலங்கு அச்சத்திலும் தவிக்கின்றனர். எனவே சமூகம் தாங்கள் தயைகூர்ந்து உரிய நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்."

திட்டலாம்.

பழைய_கருப்புகோட்டு | அக்டோபர் 17, காலை 6.05

திட்டவில்லை. என் முதல் மனுவும் இதே மாதிரிதான், 'சொல்லொணா' உட்பட.

எங்கள் பகுதி என்றால் எது? பல ஆண்டுகள் என்றால் எத்தனை? எத்தனை வீடு? யாராவது இணைப்பு கேட்டு விண்ணப்பித்தார்களா, எந்தத் தேதியில்? மறுத்தார்களா, வாயால் சொன்னார்களா, எழுத்தில் கொடுத்தார்களா? இதெல்லாம் இல்லாமல் 'உரிய நடவடிக்கை' என்று கேட்டால், 'பரிசீலிக்கப்படும்' என்பதே உரிய பதில். அவர்மேல் தப்பில்லை.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 43. இடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்புத் தர வேண்டும். 'அல்லது குடியிருப்பவர்' என்ற இரண்டு சொல்லில் விரலை வை. பட்டா இல்லை என்பதுதானே அவர்கள் சொல்லும் காரணம்? இந்தச் சட்டம் பட்டா பற்றிப் பேசவில்லை, குடியிருப்பைப் பற்றிப் பேசுகிறது. வனத்துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று எதிர்த்தரப்பு வரும், அதுவும் லேசான கேள்வி இல்லை, கோதவர்மன் உத்தரவையே காட்டுவார்கள். வரட்டும். எழுத்தில் வரட்டும்.

வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ல் மின்கம்பி உட்பட 13 வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபைப் பரிந்துரையோடு தரலாம் என்று இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதே. ஒன்றில் இது குடியிருப்பு என்கிறாய், மற்றதில் இது வனம் என்கிறாய். எதிரிக்கு நீயே ஏணி போட்டுத் தருவாய்.

சாரல்_சேரங்கோடு | அக்டோபர் 20, மாலை 5.45

சனி ஞாயிறு இரண்டு நாளும் மேட்டில் இருந்தேன். மழை, அட்டை, ஐந்து மணிக்கு மேல் யானை என்று சொல்லி விரட்டிவிட்டார்கள். 23 வீடு. எல்லா வீட்டிலும் குடும்ப அட்டை இருக்கிறது, எல்லாருக்கும் ஓட்டு இருக்கிறது, 11 வீட்டில் ஊராட்சி வீட்டு வரி ரசீதுகூட இருக்கிறது. வரி வாங்கியிருக்கிறார்கள்! ஒரு அக்கா ரசீதுகளைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார், பழையது 1998.

புதிய தொடக்கம்:

"சேரங்கோடு ஊராட்சியில் கீழ்க்கண்ட 23 வீடுகளில் நாங்கள் குடியிருக்கிறோம். இவற்றில் 11 வீடுகளுக்கு ஊராட்சி வீட்டு வரி வசூலிக்கிறது (ரசீது நகல்கள் இணைப்பு 2). எங்களில் நால்வர் 2022 மார்ச் 14 அன்று மின் இணைப்புக் கேட்டு நேரில் வந்தபோது, பட்டா இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லி விண்ணப்பம் பெறப்படவில்லை. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 43-இன்படி குடியிருப்பவர்களாக இன்று விண்ணப்பிக்கிறோம். இணைப்புத் தர இயலாதெனில், காரணத்தையும் அதற்குரிய சட்டப் பிரிவையும் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தரக் கோருகிறோம்."

நடுகாணி அண்ணா சொன்னபடி எல்லாருக்கும் படித்துக்காட்டினேன். மூன்று பெயரில் எழுத்துப் பிழை கண்டுபிடித்தார்கள்.

ஒரசோலைக்காரன் | அக்டோபர் 20, இரவு 9.00

இதுதான் உன் எழுத்து மாதிரி. இங்கிலீஷில் நான்கு பக்கம் எழுது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பக்கம் என்றாலும் எட்டு மணி நேரம்தானே. நான் திருத்தித் தருகிறேன். பெயர்களையும் வீடுகளையும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிடு, அது அவர்களுடையது. டெல்லிக்காரர்களிடம் தூரத்திலிருந்தே செய்யலாமா என்று கேட்டுப் பார். இப்போது பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

மொழிபெயர்ப்பு_மேசை | அக்டோபர் 20, இரவு 9.25

'வாய்மொழியாகச் சொல்லி விண்ணப்பம் பெறப்படவில்லை': யார் வாங்கவில்லை என்று வாக்கியம் மறைக்கிறது பார். 'அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்க மறுத்தனர்' என்று போடு. மற்றபடி கை வைக்க ஒன்றுமில்லை.

சாரல்_சேரங்கோடு | நவம்பர் 2, காலை 8.15

மாற்றிவிட்டேன் அக்கா. அக்டோபர் 27 அன்று கொடுத்தோம். முத்திரை போட யோசித்தார்கள், மேட்டிலிருந்து 14 பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் போட்டார்கள். நேற்று நவம்பர் 1 கிராம சபையிலும் தீர்மானமாக வைத்தோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

டெல்லி அமைப்பு வீட்டிலிருந்தே செய்யச் சம்மதித்துவிட்டது. சிக்னலுக்காகத் தாளூர் பக்கம் போய் உட்கார வேண்டும், அது வேறு கதை. இந்த வருட வகுப்பு முடிந்த பிறகு மே மாதம் நான்கு வாரம் கருப்புகோட்டு சார் ஆபீஸில். அப்பாவுக்கு அதில்தான் சந்தோஷம்.

முப்பத்தாறாவது_வளைவு | நவம்பர் 2, காலை 9.00

சார், அந்தப் பிள்ளைக்கு 9,000 கொடுப்பீர்களா?

பழைய_கருப்புகோட்டு | நவம்பர் 2, காலை 9.40

பஸ் காசும் சாப்பாடும் தருவேன். இன்டர்னுக்கும் ஜூனியருக்கும் வித்தியாசம் இருக்கிறது. முறைக்காதீர்கள்.

சாரல்_சேரங்கோடு | நவம்பர் 26, மாலை 6.30

கடிதம் வந்தது. மூன்று வரி. நிலம் 'ஜன்மம் ஒழிப்புச் சட்டப் பிரிவு 17-இன் கீழ் உள்ளதால்' வனத்துறைச் சான்று இன்றி இணைப்பு வழங்க இயலாது. மேட்டில் போய்ச் சொன்னேன். ஒருத்தரும் எதுவும் பேசவில்லை, பிஸ்கட் டப்பா அக்கா டீ போட்டுக் கொடுத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பழைய_கருப்புகோட்டு | நவம்பர் 26, மாலை 6.42

எழுத்திலா வந்தது? நிஜமாகவா?

வாழ்த்துகள் அம்மா! ஊரில் ஆண்டுக்கணக்காக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை உன் கையில் தாளாகக் கொடுத்திருக்கிறார்கள். இனி மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அங்கே ஆகாவிட்டால் மின்சார ஒம்பட்ஸ்மேன், அதற்கு மேல் ஹைகோர்ட்டில் ரிட் மனு. வனத்துறைக்குத் தகவல் உரிமை மனு தனியாக, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்: இந்த நிலத்துக்குச் சான்று தரும் அதிகாரி யார், எந்த உத்தரவின்படி. ஸ்கேன் செய்து அனுப்பு. தேதியும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகிறதா?

சாரல்_சேரங்கோடு | நவம்பர் 26, மாலை 6.44

தெரிகிறது சார்.